பாசல் என்னும் துறைமுகம்

தமிழ் படித்தவர் ஒருவர் வீட்டில் இருந்தால் பெயர் வைக்கும் வேலை அவரைத் தேடி வந்துவிடும். பிறந்த பிள்ளைக்கு, கட்டிய வீட்டுக்கு, திறக்கப்போகும் கடைக்கு என்று உறவினர் பலரும் எங்களிடம் பெயர் கேட்டிருக்கிறார்கள். படகுக்குப் பெயர் கேட்டவர் சித்தப்பா ஒருவர்தான்.

நாங்கள் என்று இங்கே குறிப்பிடுவது, கல்லூரி ஒன்றில் தமிழ் விரிவுரையாளராக இருக்கும் இக்கட்டுரையாளரையும் ஊரில் உடன் வாழும் தங்கையையும். எழுதும் கை ஒன்றானாலும் இதிலுள்ள நினைவும் வெட்கமும் இருவருக்கும் பொது. ஊர் வல்வெட்டித்துறை. சித்தப்பா அப்பாவின் கடைசித் தம்பி. 1985ஆம் ஆண்டு பத்தொன்பது வயதில் ஊரை விட்டுப் போனவர். சுவிற்சர்லாந்தின் பேர்ண் நகரில் உணவகச் சமையலறைகளில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்தார். பல ஆண்டுகள் கழித்து அந்நாட்டுக் குடியுரிமை கிடைத்தது. ஓய்வு நாள்களில் துன் ஏரியில் பாய்ப்படகு ஓட்டப் பழகினார் என்பதும், அதற்கான தேர்வுகளை எழுதித் தேறினார் என்பதும் எங்களுக்குத் தெரியும். ஆனால் சென்ற ஆண்டு தொலைபேசியில் அழைத்து, குரோசியக் கரையில் ஜேர்மானியர் ஒருவரிடமிருந்து ஒன்பது மீற்றர் நீளமுள்ள பழைய பாய்ப்படகை வாங்கிவிட்டதாகச் சொன்னபோது எங்களுக்கு வியப்பாகவே இருந்தது.

"பிள்ளையள், உங்களுக்குத் தமிழ் தெரியும். ஒரு நல்ல பேராச் சொல்லுங்கோ. வெள்ளைக்காரன் வாசிக்கக்கூடியதா இருக்கவேணும்" என்றார்.

யோசிக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. அன்னபூரணி என்றோம்.

*

எங்கள் ஊரில் இந்தப் பெயரை விளக்கத் தேவையில்லை. வெளியூர் வாசகர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். அன்னபூரணி 1930இல் வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட, எண்பத்தொன்பது அடி நீளமுள்ள இரட்டைப் பாய்மரக் கப்பல். வில்லியம் அல்பேர்ட் ரொபின்சன் என்ற அமெரிக்கர் அதை விலைக்கு வாங்கினார். 1928 முதல் 1931 வரை பத்து மீற்றருக்கும் குறைவான ஒரு சிறு பாய்ப்படகில் உலகைச் சுற்றி வந்த மனிதர் அவர். வாங்கிய கப்பலுக்குத் தம் மனைவியின் பெயரால் 'புளோரன்ஸ் சி. ரொபின்சன்' என்று பெயரிட்டார். எங்கள் ஊர்த் தண்டையல் தம்பிப்பிள்ளையும் உடன்சென்ற ஊர் மாலுமிகளும் சூயஸ் வழியாகவும் மத்தியதரைக் கடல் வழியாகவும் அத்திலாந்திக்கைக் கடந்தார்கள். 1938 ஓகஸ்ட் 1ஆம் திகதி கப்பல் மசாசுசெற்ஸ் மாநிலத்தின் குளொஸ்ரர் துறைமுகத்தை அடைந்தது.

கப்பல் புறப்பட்ட காலத்தில் அப்பப்பா கரையில் ஓடித்திரிந்த ஒரு சிறுவர். பின்னாளில் அவரும் கடலோடியானார். இந்தக் கதையை அவர் சொல்லும்போதெல்லாம் ஓர் இடத்தில் குரல் தாழும். "கட்டினது நாங்கள், ஓட்டினது நாங்கள், பேர் மட்டும் அவையின்ரை" என்பார். சொல்லிவிட்டுச் சிறிது நேரம் பேசமாட்டார்.

ஆகவே ஏறத்தாழ எண்பத்தேழு ஆண்டுகளுக்குப் பிறகு, ஐரோப்பியக் கடலில் ஓடப்போகும் ஒரு படகின் பின்புறத்தில் அந்தப் பெயரை மீண்டும் எழுதுவது எங்களுக்கு ஒரு கணக்கைத் தீர்ப்பதுபோலப் பட்டது. பெயருக்குக் கீழே ஊரின் பெயரும் வரும் என்று நாங்களாகவே முடிவுசெய்திருந்தோம். கப்பலின் பின்புறத்தில் பெயரையும் அதன் கீழே அது சேர்ந்த துறைமுகத்தையும் எழுதுவது உலக வழக்கு. அன்னபூரணி, வல்வெட்டித்துறை. இரண்டு வரிகளையும் தங்கை ஒரு தாளில் அழகாக எழுதிப் படம் பிடித்து அனுப்பியும் வைத்தாள்.

மறுநாள் சித்தப்பா அழைத்தார். "பேர் சரி. கீழை ஊர்ப்பேர் போடேலாது. பாசல் எண்டுதான் போடவேணும். அது சட்டம்."

*

பாசல் எங்கே இருக்கிறது என்று வரைபடத்தில் பார்த்தோம். சுவிற்சர்லாந்தின் வடக்கு மூலையில், ஜேர்மனியும் பிரான்சும் வந்து முட்டும் இடத்தில் றைன் ஆற்றங்கரையில் இருக்கிறது. அங்கிருந்து கடலை அடைய ஆற்றுவழியே 800 கிலோமீற்றருக்கு மேல் போகவேண்டும். ஆனால் சுவிற்சர்லாந்துக் கொடியுடன் கடலில் ஓடும் கலங்கள் அனைத்துக்கும், சரக்குக் கப்பலாயினும் ஒன்பது மீற்றர்ப் பாய்ப்படகாயினும், பதிவுத் துறைமுகம் பாசல் ஒன்றுதான். உலகின் எந்தக் கடலில் மிதந்தாலும் அவற்றின் முதுகில் அந்த ஆற்றங்கரை நகரத்தின் பெயரே எழுதப்பட்டிருக்கும்.

கடலே இல்லாத நாட்டுக்குக் கடற்கொடி எதற்கு என்று கேட்டோம். சித்தப்பா பொறுமையாக விளக்கினார். இரண்டாம் உலகப் போரின்போது சுற்றிலும் போர் நடக்க, நடுவில் அகப்பட்ட சுவிற்சர்லாந்துக்குத் தானியமும் பிற பொருள்களும் கடல்வழியேதான் வரவேண்டியிருந்தது. பிற நாட்டுக் கப்பல்களை வாடகைக்கு எடுத்தால் அந்த நாடு போரில் இறங்கியதும் கப்பலும் கைவிட்டுப் போய்விடும். எனவே 1941 ஏப்ரலில் தன் சொந்தக் கொடியைக் கடலில் ஏற்றும் சட்டத்தை அந்நாடு இயற்றிக்கொண்டது. கடற்கரையில்லாத நாடுகளுக்கும் கொடியுரிமை உண்டு என்பதை 1921இலேயே பார்சலோனாவில் கூடிய நாடுகள் ஒப்புக்கொண்டிருந்தன. தரையில் சதுரமாகப் பறக்கும் சுவிற்சர்லாந்துக் கொடி, கடலில் மட்டும் மற்ற நாட்டுக் கொடிகளைப்போல நீள்சதுரமாக இருக்கும் என்ற செய்தியையும் அவர்தான் சொன்னார்.

பதிவுக்கான தாள்களைப் பற்றியும் சொன்னார். ஏரியில் ஓடும் படகை மாநில அலுவலகத்தில் பதிந்தாலே போதும். பேர்ண் மாநிலப் படகு என்றால் 'பே' 'எ' என்னும் இரு எழுத்துகளோடு ஓர் இலக்கம் தருவார்கள். கடலுக்குப் போவதானால் நடுவண் அரசின் கொடிச் சான்றிதழ் வேண்டும். உரிமையாளர் சுவிற்சர்லாந்துக் குடியுரிமை உடையவராக இருக்கவேண்டும் என்பது அடிப்படை விதி. விற்பனைப் பத்திரம், பிறருக்கு நேரும் சேதத்துக்கான காப்புறுதி, பாதுகாப்புக் கருவிகள் பற்றிய உறுதிமொழி என்று பட்டியல் நீண்டது. எல்லாவற்றிலும் முக்கியமானது, படகு முன்பு எந்த நாட்டுப் பதிவேட்டில் இருந்ததோ அதிலிருந்து நீக்கப்பட்டதற்கான சான்று. ஒரு கலத்துக்கு ஒரே நேரத்தில் இரண்டு கொடிகள் இருக்கக்கூடாது.

இவை எதுவும் எங்கள் மனக்குறையைத் தீர்க்கவில்லை. "அப்ப வேறை நாட்டுக் கொடியிலை பதியலாமே சித்தப்பா? ஊர்ப் பேரை எழுத விடுற நாடு ஒண்டு இருக்காதா?" என்று கேட்டோம். மறுமுனையில் சற்று நேரம் பேச்சில்லை. "பாப்பம்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

*

தமிழ் படித்தவர்களிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. வாதத்தில் தோற்பதுபோலத் தெரிந்தால் நூலைத் தேடிப் போவார்கள். முதலில் பட்டினப்பாலைக்குப் போனோம். புகார்த் துறையில் நிற்கும் நாவாய்களின் பாய்மரங்களில் அசையும் கொடிகளை அந்தப் புலவர் பார்த்திருக்கிறார். அறிஞர் வாதிடும் இடத்தின் கொடி, கள் விற்கும் மனையின் கொடி என்று அந்நகரத்துக் கொடிகள் அனைத்தையும் வரிசையாகச் சொல்கிறார். அங்கே கொடி ஓர் அறிவிப்பு, ஒரு வரவேற்பு. கொடி இல்லாத கலத்துக்கு என்ன ஆகும் என்ற கேள்வி அந்தப் பாட்டில் இல்லை.

அந்தக் கேள்விக்கு 1982ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் கடற்சட்ட உடன்படிக்கையில் விடை இருந்தது. மனிதருக்குப்போலவே கப்பலுக்கும் நாட்டுரிமை உண்டு என்கிறது அது. எந்த நாட்டின் கொடியைப் பறக்கவிட உரிமை பெற்றிருக்கிறதோ அந்த நாட்டுக்குரியது அந்தக் கப்பல். நாட்டுக்கும் கப்பலுக்கும் இடையே 'உண்மையான தொடர்பு' ஒன்று இருக்கவேண்டும் என்பது அதன் 91ஆவது உறுப்புரை. வசதிக்கேற்ப இரண்டு கொடிகளை மாற்றி மாற்றிப் பறக்கவிடும் கப்பலை நாடற்ற கப்பலுக்கு ஒப்பாகக் கருதலாம் என்கிறது 92ஆவது. நாடற்றது என்று ஐயுறத் தக்க காரணம் இருந்தால் நடுக்கடலில் எந்த நாட்டுப் போர்க்கப்பலும் அதை நிறுத்திச் சோதிக்கலாம் என்கிறது 110ஆவது.

உண்மையான தொடர்பு என்ற சொல்லைக் கண்டதும் எங்களுக்கு மகிழ்ச்சி. சித்தப்பாவின் படகுக்கும் பாசலுக்கும் என்ன உண்மையான தொடர்பு? அவர் வசிப்பது பேர்ணில். படகு நிற்பது குரோசியாவில். பெயர் வல்வெட்டித்துறையின் பெயர். பாசல் வெறும் தாளில் உள்ள ஊர். இப்படி ஒரு கடிதத்தை மனத்தில் எழுதிக்கொண்டோம்.

மேலும் தேடியபோது மஸ்கற் படகுகளின் வழக்கு கிடைத்தது. ஓமானின் சூர் துறைமுகத்துப் படகுக்காரர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரெஞ்சு அதிகாரிகளிடம் தாள்கள் வாங்கித் தங்கள் பாய்ப்படகுகளில் பிரெஞ்சுக் கொடியை ஏற்றிக்கொண்டார்கள். அடிமை வணிகத்தைத் தடுக்கவென்று பிரித்தானியக் கடற்படை அக்கடலில் படகுகளைச் சோதித்துவந்த காலம் அது. பிரெஞ்சுக் கொடி பறந்தால் சோதிக்க முடியாது. நேர்மையான வணிகரும் அந்தக் கொடியின் கீழ் ஒதுங்கினார்கள், அடிமைகளை ஏற்றியவர்களும் ஒதுங்கினார்கள். பிணக்கு முற்றி ஹேக் நகரின் நடுவர் மன்றத்துக்குப் போனது. 1905 ஓகஸ்ட் 8ஆம் திகதி தீர்ப்பு வந்தது. தன் கொடியை யாருக்குக் கொடுப்பது என்பதை ஒவ்வொரு நாடும் தானே முடிவு செய்யலாம், ஆனால் தானே ஏற்றுக்கொண்ட உடன்படிக்கைகளின் எல்லைக்குள் நின்றுதான் செய்யவேண்டும் என்று நடுவர்கள் கூறினார்கள். முறைப்படி பெற்ற கொடியை ஒருவர் இன்னொருவருக்கோ இன்னொரு படகுக்கோ மாற்றிக் கொடுக்க முடியாது என்றார்கள். படகில் பிரெஞ்சுக் கொடி பறப்பதனாலேயே அதன் உரிமையாளர் சுல்தானின் ஆட்சிக்கு அப்பாற்பட்டவர் ஆகிவிடமாட்டார் என்றும் சொன்னார்கள்.

கொடி பலகைக்குரியது, மனிதருக்குரியதன்று. இந்த வாசகம் மனத்தில் உருவானபோது சித்தப்பாவை வென்றுவிட்டதாகவே நினைத்தோம். கொடி மனிதரை மாற்றாது என்றால் நீங்கள் இன்னும் எங்கள் ஊர்க்காரர்தான், பிறகு ஏன் பாசல் என்று கேட்கத் தயாரானோம்.

*

அடுத்த அழைப்பு வந்தபோது அவருடைய குரல் வேறாக இருந்தது. ஜேர்மானியப் பதிவிலிருந்து படகு நீக்கப்பட்டுவிட்டது. சுவிற்சர்லாந்துச் சான்றிதழ் இன்னும் வரவில்லை. இடையில் மூன்று கிழமைகள். அந்த நாள்களில் அன்னபூரணி எந்த நாட்டுக்கும் உரியதன்று. படகு துறைக்குள்ளே கயிற்றில் கட்டப்பட்டுப் பத்திரமாகத்தான் கிடந்தது. அதை யாரும் எடுத்துப்போகப் போவதில்லை. ஆனாலும் சித்தப்பா இரண்டு நாளைக்கு ஒருமுறை அழைத்தார். நள்ளிரவிலும் அழைத்தார். தபால் வந்ததா என்று ஒவ்வொரு நாளும் பெட்டியைத் திறந்து பார்ப்பதாகச் சொன்னார். நித்திரை வரவில்லை என்றார்.

எங்களுக்குச் சிரிப்பாக இருந்தது. அதை மறைக்கவும் தெரியவில்லை. "ஒரு கடதாசிக்கு ஏன் சித்தப்பா இவ்வளவு பதட்டம்? அது கட்டித்தானே கிடக்குது" என்றாள் தங்கை.

அதற்கு அவர் சொன்னதை முடிந்தவரை அவர் வாய்மொழியிலேயே எழுதுகிறோம்.

"பிள்ளை, நான் கொடியில்லாத வள்ளத்திலை ஒருக்கா கடலிலை நிண்டனான். ஊரிலையிருந்து வேதாரணியத்துக்கு வெளிக்கிட்ட அண்டு. பதினொரு பேர். நடுக்கடலிலை ரோந்துக் கப்பலின்ரை வெளிச்சம் தெரிஞ்சு எஞ்சினை நிப்பாட்டிப் போட்டினம். ரெண்டு மணித்தியாலம். ஒருத்தரும் கதைக்கேல்லை. ஒரு சின்னப் பிள்ளை அழாமல் இருக்க அதின்ரை வாயைத் தாய் பொத்திக்கொண்டு இருந்தா. பிடிபட்டா நாங்கள் ஆர் எண்டு காட்ட எங்களிட்டையும் ஒண்டுமில்லை, வள்ளத்திலையும் ஒண்டுமில்லை. சுட்டுப்போட்டு ஒண்டும் நடக்கேல்லை எண்டு சொல்லியிருக்கலாம். ஆர் கேக்கிறது? அந்த ரெண்டு மணித்தியாலம் இன்னும் முடியேல்லை எனக்கு."

நாற்பது ஆண்டுகளில் இதை அவர் எங்களிடம் சொன்னதில்லை. அவர் சொல்லவில்லை என்பதைவிட நாங்கள் கேட்கவில்லை என்பதே சரி. அவர் அனுப்பிய பணத்தில் படித்தோம். அவர் அனுப்பிய சொக்லேற்றைத் தின்றோம். போனவர் எப்படிப் போனார் என்று ஒருநாளும் கேட்டதில்லை. போய்ச் சேர்ந்துவிட்டார் என்பதே எங்களுக்குப் போதுமாக இருந்தது.

மனத்தில் எழுதி வைத்திருந்த கடிதத்தின் ஒரு பகுதி மட்டும் தங்கையின் வாயிலிருந்து வந்தது. குரலில் பழைய வேகம் இல்லை. "அதுக்கு ஏதோ ஒரு கொடி போதும்தானே சித்தப்பா. பாசலோடை உங்களுக்கு என்ன தொடர்பு?"

அவர் சிரித்தார். "அதைத்தான் நீங்கள் கேக்கேல்லை. நான் பாசலிலைதானே கரையேறினனான்."

கிழக்குப் பெர்லினுக்கு விமானத்தில் வந்து, மேற்குக்கு மாறி, ஜேர்மனியில் முகாம் ஒன்றில் சில மாதங்கள் இருந்தபின், ஓர் இரவு இன்னும் இருவரோடு எல்லையை நோக்கி நடந்திருக்கிறார். எல்லை எது என்று இருட்டில் தெரியவில்லை. விடியும்போது முன்னே ஓர் ஆறு. ஆற்றில் சரக்குக் கப்பல்கள் கட்டிக் கிடந்தன. ஒரு கப்பலின் வடம் கட்டப்பட்டிருந்த முறையைப் பார்த்ததும் அப்பப்பாவின் கைகள் நினைவுக்கு வந்தனவாம். அந்தக் கப்பலின் பின்புறத்தில் சிவப்பு நிறத்தில் வெள்ளைச் சிலுவையோடு கொடி பறந்தது. அதைப் பார்த்துத்தான் எல்லையைக் கடந்துவிட்டோம் என்று மூவரும் தெரிந்துகொண்டார்கள். "அதுக்குக் கீழை பாசல் எண்டு எழுதியிருந்தது. எனக்கு அந்த நாட்டிலை தெரிஞ்ச முதல் சொல்லு அதுதான்" என்றார் சித்தப்பா.

எங்களிடம் சொல்வதற்கு எதுவும் இருக்கவில்லை. வேறு நாட்டுக் கொடியைத் தேடச் சொன்னவர்கள் நாங்கள். அவர் அதைத் தேடிப் பார்க்கவே இல்லை என்பது அப்போதுதான் புரிந்தது.

*

சான்றிதழ் வந்துவிட்டது. சென்ற கோடையில் படம் அனுப்பினார். வெள்ளைப் படகின் பின்புறத்தில் உரோமன் எழுத்துகளில் இரண்டு வரிகள். மேலே அன்னபூரணி. கீழே பாசல். மேலே நீள்சதுரச் சிவப்புக் கொடி. சுக்கானைப் பிடித்தபடி, தலை நரைத்து, அப்பப்பாவின் முகத்தோடு சித்தப்பா.

கடற்சட்டம் சொல்லும் உண்மையான தொடர்பு எது என்பதை நாங்கள் தவறாக விளங்கிக்கொண்டிருந்தோம். பிறந்த இடத்தோடு இருப்பதே உண்மையான தொடர்பு என்பது ஊரிலேயே இருந்துவிட்டவர்களின் எண்ணம். எங்களுக்கு இந்தத் துறை ஒருநாளும் மறுக்கப்படவில்லை. அதனால் இன்னொரு துறை ஒருவருக்கு எவ்வளவு பெரியது என்பதை அளக்க எங்களிடம் கோல் இருக்கவில்லை. ஊரின் பெயரை எழுதச் சொன்னபோது நாங்கள் நினைத்தது அப்பப்பாவின் மனக்குறையைப் பற்றியும் எங்கள் பெருமையைப் பற்றியும்தான். அந்தப் படகில் ஏறப்போகிறவரைப் பற்றி நினைக்கவில்லை. மஸ்கற் வழக்கின் நடுவர்கள் சொன்னது சரியே. சித்தப்பாவின் கொடியை நாங்கள் கேட்டு வாங்க முடியாது. எங்கள் ஊர்ப்பெயரை அவர் கொடிக்குக் கீழே ஒட்டிவிடவும் முடியாது. அந்த இரண்டாவது வரி அவருடையது.

துறைமுகங்களில் அக்கம்பக்கத்துப் படகுக்காரர்கள் எழுத்தைப் பார்த்துவிட்டு, பாசலில் கடல் இருக்கிறதா என்று வேடிக்கையாகக் கேட்கிறார்களாம். "கடல் இல்லை, துறை இருக்கு" என்று பதில் சொல்கிறாராம்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் அழைக்கும்போது நாங்கள் கேட்கிறோம், அவர் சொல்கிறார், தங்கை எழுதிக்கொள்கிறாள். வேதாரணியத்தில் இறங்கியாயிற்று. சென்னையில் பல மாதங்கள் காத்திருந்த கதை நடந்துகொண்டிருக்கிறது. கிழக்குப் பெர்லினை இன்னும் எட்டவில்லை.